சத்தம் இல்லை, போர்டு போச்சு

அந்த வட்டாரத்தில் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் காதுக்காரரைத் தெரியும். ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. பைக்குள் நாலு ஸ்க்ரூடிரைவர், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர் ஒன்று, கொஞ்சம் உதிரி பாகங்கள். தனியாகக் கடை கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு நீள மேஜை போட்டிருந்தார். மற்றபடி கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்துவிட்டு வருவார்.

அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு லாரி ஆபீஸ் குமாஸ்தா காரணம். இவருக்கு முப்பது வயதிருக்கும்போது, மழை கொட்டிய ஒரு காலையில், குமாஸ்தா போன் செய்து பதறினார். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை, நாற்பது லாரிக்குச் சீட்டு அடிக்க வேண்டும், முதலாளி தலைக்கு மேல் நிற்கிறார். தெருவில் முழங்கால் தண்ணீர். போக வழியில்லை. "ரிசீவரைக் கொண்டுபோய் பெட்டி பக்கத்துல வைங்க. வச்சுட்டு ஆன் பண்ணுங்க," என்றார் இவர். போன் வழியாக நீளமாக ஒரு கீச்சு வந்தது. நின்றது. திரும்ப நீளமாக ஒரு கீச்சு. "ராம் கழண்டிருக்கு. மூடியைத் திறந்தா விரல் நீளத்துக்குப் பச்சையா ஒரு பட்டை இருக்கும். ரெண்டு முனையையும் கட்டைவிரலால அழுத்துங்க," என்றார். அழுத்தியதும் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. குமாஸ்தா அதை ஊரெல்லாம் சொன்னார். "ஆளு வரவே இல்லய்யா, காதாலயே கண்டுபிடிச்சிட்டான்!"

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. பழைய கம்ப்யூட்டர்களுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும். எழுந்திருக்க முடியாமல் போனால் திரையில் எழுதிக் காட்டவும் அதற்கு முடியாது. அதனால் கீச்சு கீச்சென்று கத்திச் சொல்லும். குட்டியாக ஒரே ஒரு கீச்சு என்றால் எல்லாம் நலம். விட்டு விட்டு நீளமாகக் கத்தினால் ராமில், அதாவது நினைவகப் பட்டையில் கோளாறு. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு என்றால் திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில் கோளாறு. ராமை உருவிவிட்டும் கத்தவில்லை என்றால் மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையே போய்விட்டது என்று அர்த்தம். மற்ற மெக்கானிக்குகள் இதையெல்லாம் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். இவருக்கு எல்லாம் மனப்பாடம். கோளாறைக் குட்டித் திரையில் எண்ணாகக் காட்டும் ஓர் அட்டை கடைகளில் வந்தபோது, "எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்குத்தான் அது," என்று சிரித்தார். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டாலும் அவருக்கு இளக்காரம்தான்.

வருஷங்கள் போகப் போக அவர் கேட்கிற விதமே ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியைத் திறப்பார். ராமை உருவி வைப்பார். அறையில் இருப்பவர்களை ஒரு பார்வை பார்த்துக் கையைத் தூக்குவார். யாராவது எழுந்துபோய் ஃபேனை நிறுத்த வேண்டும். யாரும் பேசக் கூடாது. பிறகு சுவிட்சைத் தட்டிவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த அரை நிமிஷம் முதலாளிகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. கூலியைவிட அந்த அரை நிமிஷம்தான் பிடித்திருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வை வேலை பார்த்தார். இரண்டு வருஷமாக ஒரே பல்லவிதான். "ஒரு தடவை காதைக் காட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டா திரும்பறதே இல்ல. ஆனா பிஸ்கட் டப்பாவைத் திறந்தா மட்டும் அடுத்த ரூம்ல இருந்து கேக்குது." இவர் எரிந்து விழுவார். "நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? என் காதைப் பத்தி ஊர்ல போய்க் கேளு." டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், மனைவி குறைப்பார், மறுபடியும் கூட்டுவார். கணவன் மனைவி சண்டையோடு சண்டையாக அதுவும் கலந்துபோயிற்று.

ஸ்டிக்கர் அக்கா அவருக்குப் பதினைந்து வருஷத்து வாடிக்கையாளர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. வண்டி நம்பர், டாக்டர் வீட்டுப் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவில் ஒட்டும் எழுத்து, எல்லாம் செய்வார். ஒட்டும் தாளில் எழுத்தை அச்சுப் பிசகாமல் வெட்டித் தரும் கட்டர் மிஷின் ஒன்று அவரிடம் இருந்தது. அதுவும் பழசுதான். பின்பக்கம் அகலமாக ஒரு சொருகு உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்தால்தான் அது பேச்சைக் கேட்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தச் சொருகும் கிடையாது, அந்தச் சாப்ட்வேரும் ஓடாது. கணவர் விட்டுவிட்டுப் போன பிறகு மகளைப் படிக்க வைத்ததெல்லாம் அந்த இரண்டு மிஷின்களும்தான்.

ஒருநாள் காலையில் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. காதுக்காரர் வந்தார். வண்டி நம்பர் ஒட்டுவதற்காக ஒரு டாக்சி டிரைவர் ஸ்டூலில் காத்திருந்தார். பெட்டியைத் திறந்து, ராமை உருவி, கையைத் தூக்கினார். அக்கா ஃபேனை நிறுத்தினார். சுவிட்ச் போட்டதும் காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிரைவர், "அது வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார். காதுக்காரர் அரைக்கண்ணைத் திறந்து உதட்டில் விரலை வைத்தார். டிரைவர் வாயை மூடிக்கொண்டார்.

அரை நிமிஷம் கழித்து காதுக்காரர் சுவிட்சை அணைத்தார்.

"சத்தமே இல்ல. போர்டு போச்சும்மா."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேற வழியே இல்லையாண்ணா? நல்லா பாருங்கண்ணா."

"உயிர் இருந்தா முனகும். இது முனகவே இல்ல. இந்த போர்டு இனி எங்கயும் கிடைக்காது. தூக்கிப் போட்டுட்டு வேற பொழப்பைப் பாருங்க."

"அப்ப கட்டர்?"

"புது மிஷினோட அது ஒத்து வராதும்மா. அதுவும் அவ்வளவுதான்."

வருத்தமாகத்தான் சொன்னார். அன்றைக்குக் கூலியும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து தன் நோட்டில் தேதி போட்டு, 'ஸ்டிக்கர் கடை. சத்தம் இல்லை. போர்டு போச்சு' என்று எழுதி வைத்தார். அத்தோடு மறந்தும் போனார்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், முன்னறை மேஜையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மாட்டு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பெட்டி. ஊசி போட்ட தேதியெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அங்கே சீட்டு எழுதும் பெண் கெஞ்சிக் கொடுத்தனுப்பியிருந்தார். காதுக்காரர் ராமை உருவிவிட்டு, சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடினார். சத்தம் இல்லை. நோட்டை எடுத்து எழுதப் போனார்.

மனைவி சமையலறையில் இருந்து கரண்டியோடு வந்து நின்றார். "ஏங்க, அதை நிறுத்தித் தொலைங்களேன். தலை வலிக்குது."

"எதை?"

"அதைத்தான். கீ கீன்னு அடிச்சுக்கிட்டே இருக்கே!"

விளையாடுகிறாள் என்று நினைத்தார். மனைவி முகத்தில் விளையாட்டு இல்லை, வெறும் எரிச்சல்தான். பேனாவை மூடி வைத்தார்.

"எப்படிக் கத்துதுன்னு சொல்லு."

"எப்படின்னா? நீளமா ஒண்ணு. அப்புறம் நிக்குது. திரும்ப நீளமா ஒண்ணு. இதோ... இதோ இப்ப. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் பெட்டி மேல் குனிந்தார். இடது காதைக் கிட்டத்தட்ட உள்ளேயே விட்டுவிட்டார். ரொம்ப தூரத்தில், சுவருக்கு அப்பால் யாரோ கம்பியைத் தேய்ப்பது போல, இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. தலையை ஒரு சாண் தூக்கினார். அதுவும் போய்விட்டது. விசிறி சுற்றும் இரைச்சல் மட்டும் நன்றாகக் கேட்டது.

சுவிட்சை அணைத்தார். "இப்ப?"

"இப்ப நின்னுடுச்சு."

"சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்," என்றார். மனைவி உள்ளே போனதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ராம் பட்டையின் மஞ்சள் விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினார். விதை வியாபாரி, சத்தம் இல்லை, போர்டு போச்சு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சத்தம் இல்லை, போர்டு போச்சு. தையல் பள்ளி. கணக்குப் பிள்ளை. ஸ்டிக்கர் கடை. ஒரு வருஷத்துக்குள் ஒன்பது. அதற்கு முந்தைய வருஷங்களில் முழுதாக இரண்டோ மூன்றோதான். தன் கையெழுத்து அவ்வளவு அழகாக இருப்பது அன்றைக்கு அவருக்கு அருவருப்பாக இருந்தது.

உடனே ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் அவரை நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மறுநாள் மாட்டு ஆஸ்பத்திரிப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். சீட்டு எழுதும் பெண் கைதட்டாத குறை. "செத்துப்போச்சுன்னு நினைச்சேன் சார். உயிர் குடுத்துட்டீங்க! சும்மாவா உங்களைக் காதுக்காரர்னு சொல்றாங்க?" இவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, "கொஞ்சம் சிரமமான கேஸ்தான்," என்றார். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் நடந்தவர், அங்கேயே கொஞ்ச நேரம் சைக்கிள் கடைச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். "அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்கா? இல்ல, ஒரு ஸ்பேருக்குத் தேவைப்படுது." இருந்தால் வாங்கி வந்து, சரி செய்து, 'அதிசயமா ஒரு போர்டு கிடைச்சுது' என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். விதை வியாபாரி, "நீங்கதானே தூக்கிப் போடச் சொன்னீங்க? அன்னைக்கே போட்டாச்சு," என்றார். கணக்குப் பிள்ளையும் அதையே சொன்னார். தையல் பள்ளிப் பெட்டி மட்டும் பரணில் இருந்தது. வாங்கி வந்து பார்த்தார். அதிலும் ராம்தான். அதிசயமாகக் கிடைத்த போர்டின் கதையை அங்கே போய்ச் சொன்னார். நம்பினார்கள். நம்பியதுதான் அவரை அறுத்தது.

ஸ்டிக்கர் அக்காவின் போன் எண் உபயோகத்தில் இல்லை. கடைத்தெருவுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே போன் கவர் விற்கும் கடை வந்திருந்தது. பக்கத்து சலூன்காரர், "அந்த அம்மா கடையைக் காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சே. பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பேனர் கடை இருக்குல்ல, அங்க வேலைக்குப் போறாங்க," என்றார்.

பேனர் கடை நல்ல பெரிய கூடம். மை வாடை குப்பென்று அடித்தது. ஆள் உயர மிஷின்கள் அச்சடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில், நீளமான மேஜை முன் நின்றபடி, அக்கா பேனர் விளிம்பை மடித்து மடித்து, கயிறு கோக்க இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்தார். சொந்தக் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக வடிவமைத்தவர். இப்போது விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணா! வாங்கண்ணா, வாங்க." தன் சேலைத் தலைப்பால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முதலாளியைக் கூப்பிட்டார். "சார், நான் சொல்லுவேனே, காதாலயே கண்டுபிடிப்பாருன்னு. இவர்தான்." முதலாளி கை நீட்டினார். காதுக்காரரும் கை நீட்டினார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்கேண்ணா. மகளுக்குக் கடைசி வருஷம். நிக்கற வேலைதான், கால் கொஞ்சம் வீங்குது. மத்தபடி ஒண்ணும் குறை இல்ல. நீங்க அன்னைக்கே உண்மையைப் பளிச்சுன்னு சொன்னது நல்லதாப் போச்சு. வேற யாராவதா இருந்தா அதை மாத்தறேன் இதை மாத்தறேன்னு இழுத்தடிச்சிருப்பான்."

"இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பாத்துட்டுப் போலாம்னு," என்று மழுப்பிவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் மூன்று பஸ்களை விட்டார். நாலாவது பஸ்ஸில் ஒரு காலை வைத்தவர், இறங்கித் திரும்ப நடந்தார். கடை வாசலில் நின்று அக்காவைக் கையசைத்து வெளியே கூப்பிட்டார்.

"என்னண்ணா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"அன்னைக்கு உங்க மிஷின் கத்திச்சும்மா. நிச்சயமா கத்தியிருக்கும். எனக்குத்தான் கேக்கல. என் காது போயிடுச்சு. எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துத் தரையைப் பார்த்தார். அக்கா விரலில் இருந்த பிளாஸ்திரியைச் சுற்றிச் சுற்றி அழுத்தினார். கோபித்துக் கத்தினால் நன்றாக இருக்கும் போலிருந்தது அவருக்கு.

"எனக்குக் கேட்டுச்சுண்ணா," என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்தார்.

"நல்லாவே கேட்டுச்சு. டிரைவருக்கும் கேட்டுச்சு. நீங்க போனதும் அவர் சொன்னாரு, கத்திக்கிட்டுதானே இருக்கு, சத்தமே இல்லங்கறாரே, இவருக்கு என்ன ஆச்சுன்னு. நான்தான் அவரைத் திட்டினேன். 'அவர் தேடுற சத்தம் வேறய்யா, நமக்கென்ன தெரியும்'னு."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா..."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பழியைத் தூக்கி அந்த அம்மா தலையில் வைக்கப் பார்த்துவிட்டார். அக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"எப்படிண்ணா சொல்றது? நீங்கதான் வாயைத் திறக்க விடலையே."

அவர் அப்படியே கூனிக் குறுகி நின்றார். உள்ளே மிஷின் ஒன்று ஓடி நின்றது. யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். "இதோ வரேன்," என்று உள்நோக்கிச் சொல்லிவிட்டு அக்கா திரும்பினார். "பெட்டி வீட்லதான் இருக்கு. நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்க, எனக்குத்தான் மனசு வரல. நாளைக்கு எனக்கு லீவு. வந்து பாருங்க."

அக்காவின் வீடு ஒற்றை அறை. பெட்டி கட்டிலுக்கு அடியில், பழைய பேனர் துணியில் சுற்றி, கயிறு கட்டி இருந்தது. அக்காவே இழுத்துத் தூக்கி மேஜையில் வைத்தார். காதுக்காரர் கை கொடுக்க வந்தபோது, "வேண்டாம், நானே தூக்கறேன்," என்றார்.

மூடியைக் கழற்றி, முதலில் ராமை உருவினார். வழக்கமாகக் கை தூக்குகிற இடம் வந்தது. கையைத் தூக்கவில்லை. கண்ணை மூடவில்லை. சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "சத்தம் வருதான்னு நீங்கதாம்மா சொல்லணும்," என்றார். சொல்லும்போது காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

"வருது. நீளமா. விட்டு விட்டு."

தாய்ப்பலகை உயிரோடுதான் இருந்தது. ராம் பட்டையின் விளிம்பை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். கறுப்பாகத் துகள் உதிர்ந்தது. சொருகின் உள்ளே பிரஷால் தூசி தட்டினார். பட்டையை மாட்டி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். மறுபடியும் சுவிட்ச்.

"இப்ப?"

"ஒரே ஒரு தடவை. குட்டியா."

திரையில் வெளிச்சம் வந்தது. தேதி தப்பாக இருக்கிறது என்று ஒரு வரி வந்து நின்றது. உள்ளே இருந்த காசு வடிவ பேட்டரியும் தீர்ந்திருந்தது. பையில் இருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. சுவர்க் கடிகாரம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினைந்து வருஷத்து வேலையும் வரிசையாக இருந்தது. பல் டாக்டர் பலகை. ஸ்கூல் பஸ் எழுத்து. மகள் பெயரை வளைத்து வளைத்து எழுதிப் பழகிய ஏழெட்டு மாதிரிகள். ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போனார். பிறகு கையை மவுஸில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கட்டர் மிஷின் இருக்காம்மா?" என்று கேட்டார் காதுக்காரர். பதில் தெரிந்தேதான் கேட்டார்.

"பழைய இரும்புக்காரர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு முன்னாலயே சம்மட்டியால உடைச்சுதான் வண்டியில ஏத்தினாரு."

அவர் ஏதோ சொல்ல வந்தார். வேறு கட்டர் எங்கேயாவது தேடித் தருவதாகவோ, தன் கைக்காசைப் போட்டு ஏதாவது செய்வதாகவோ. அக்கா திரையைப் பார்த்தபடியே, "நீங்க கிளம்புங்க. எனக்கு இப்ப யார்கூடவும் பேசற மாதிரி இல்ல," என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவசரத்தில் அழிரப்பரை மேஜையிலேயே வைத்துவிட்டார். திரும்பிப்போய் எடுக்கத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" பிறகு அக்கா விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றது. துணியை மடித்துக்கொண்டே, "ரெண்டு வருஷமா என்கிட்ட எரிஞ்சு விழுந்தீங்களே, அப்பவே காதைக் காட்டியிருந்தா அந்த அம்மா கடை இன்னைக்கும் இருந்திருக்கும்," என்றார். அதில் கோபமே இல்லை. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

காது டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார். மெல்லிய, உச்சமான சத்தங்களெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டன. பேச்சு ஓரளவுக்குக் கேட்பதால் தெரியாமல் இருந்திருக்கிறது என்றார். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தது. கூடவே, முன்பு சிரித்துத் தள்ளிய அந்த எண் காட்டும் அட்டையையும் வாங்கினார். கடைக்காரர், "உங்களுக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான்," என்றார்.

பிறகு நோட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் நேரில் போனார். விதை வியாபாரி விழுந்து விழுந்து சிரித்து, அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கணக்குப் பிள்ளை நாலு பேர் முன்னால் வைத்துக் கிழி கிழியென்று கிழித்தார். தலைமையாசிரியர், பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். தையல் பள்ளியிலும், அதிசயமாகக் கிடைத்த போர்டு பொய் என்று சொன்னார். அவர்களுக்கு எதற்காக இதைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. நோட்டில் ஏறாத மாட்டு ஆஸ்பத்திரிப் பெண்ணிடமும் சொன்னார். அவர், "அதனால என்ன சார், சரி பண்ணிட்டீங்கல்ல?" என்றார். அந்தப் பெருந்தன்மையை வாங்கிக்கொள்ளவும் அவருக்குக் கூசியது. இரண்டு பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். வேலை பாதியாகக் குறைந்தது. இன்னும் சிலர் காதுக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள்; சொல்லும்போது ஓர் ஓரமாகச் சிரிக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க," என்கிறார்.

இரண்டு மாதம் போனது. ஒரு காலையில் தெரியாத எண்ணில் இருந்து போன் வந்தது. ஸ்டிக்கர் அக்கா. பழைய வேலைகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு பேனர் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். முதலாளி பார்த்துவிட்டு, வளையம் அடிக்கும் மேஜையில் இருந்து எடுத்து, வடிவமைக்கிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாராம். ஆனால் பாதி பைல்கள் புது மிஷினில் திறக்கவில்லை.

"அதை எப்படித் திறக்கறது சார்?"

சார். பதினைந்து வருஷத்தில் அந்த வாயில் இருந்து அவருக்கு அந்தச் சொல் வந்ததில்லை. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய மிஷினிலேயே திறந்து வேறு வகையில் சேமிக்க வேண்டிய முறையைப் படிப்படியாகச் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டார். இரண்டு இடத்தில் திருப்பிக் கேட்டார். "சரி சார், பாக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுகிறார். வேலை விஷயம் மட்டும்தான் பேச்சு. மகள் படிப்பை முடித்துவிட்டதைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. 'அண்ணா' திரும்பி வரவில்லை. அதை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்கிறார். மனைவி நம்பவில்லை.